‘அதுவே இது’ என்பதும் ‘என்ப’ என்பதும்: சொற்பொருள் வலையில் அறிவு மாதிரியாக்கமும் தரவுப் பகிர்வும்

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தில் உள்ள தரவுகளைக் கணினிகள் தாமே இணைத்துப் பயன்படுத்தும் வகையில் அமைக்கும் முயற்சி சொற்பொருள் வலை எனப்படுகிறது. அதன் செந்தரங்கள் தரவுகளை இணைப்பதற்கு வலிமையான வழிகளைத் தந்துள்ளன. ஆயினும், ஒரு கூற்று யாருடையது, எதன் அடிப்படையில் கூறப்பட்டது என்பதைத் தரவின் உறுப்பாகக் கொள்ளும் பழக்கம் அவற்றின் நடைமுறையில் வேரூன்றவில்லை. இரு பெயர்கள் ஒரே பொருளைக் குறிக்கின்றன எனக் கூறும் ‘சேம்ஆஸ்’ உறவு, விக்கித்தரவின் கூற்றமைப்பு ஆகிய இரண்டையும் இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. ஔவையார், திருக்குறள் வரிசை எண், திருவள்ளுவர் காலம் ஆகிய மூன்றும் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. கருத்து வேறுபாட்டையும் சேர்த்துப் பகிராத தரவு, ஆய்வுக்குரிய தரவாகாது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சொற்பொருள் வலை, அறிவு மாதிரியாக்கம், இணைப்புத் தரவு, சேம்ஆஸ், விக்கித்தரவு, திருக்குறள், உரை மரபு

முன்னுரை

2001ஆம் ஆண்டு மே மாதம் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லஸ்ஸிலா ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை சொற்பொருள் வலை என்னும் கருத்தைப் பரந்த வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. மனிதர் படிப்பதற்கான பக்கங்களால் ஆன வலையை, கணினிகளும் பொருளறிந்து கையாளத்தக்க தரவுகளின் வலையாக விரிப்பதே அதன் நோக்கம். அதற்கு முன்பே, 1999இல், உலகளாவிய வலைச் சேர்த்தியம் ஆர்டிஎஃப் என்னும் அடிப்படைச் செந்தரத்தை வெளியிட்டிருந்தது. பின்னர் 2004இல் ஓடபிள்யூஎல், 2008இல் ஸ்பார்க்கிள் என்னும் வினவல் மொழி, 2009இல் ஸ்கோஸ் என்னும் கலைச்சொல் தொகுதிக்கான செந்தரம் ஆகியவை வந்தன.

இக்கட்டமைப்பு தொழில்நுட்பத் துறைக்கு மட்டும் உரியதன்று. நூலகங்கள், அருங்காட்சியகங்கள், மின்னூலகங்கள் ஆகியவை தம் தரவுகளை இன்று இம்முறையில் வெளியிட முனைகின்றன. சுவடிகளும் பதிப்புகளும் உரைகளும் மின்வடிவம் பெற்றுவரும் நிலையில், தமிழ் ஆய்வும் இதனை எதிர்கொண்டே ஆக வேண்டும். எனவே, இக்கட்டமைப்பு அறிவை எவ்வாறு வரையறுக்கிறது, அதில் எது தங்குகிறது, எது நழுவுகிறது என்னும் வினாக்கள் தமிழாய்வாளர்க்கும் உரியனவாகின்றன.

மும்மைக் கூற்றும் கருத்துருச் சட்டகமும்

ஆர்டிஎஃப் முறையில் ஒவ்வொரு செய்தியும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட கூற்றாக அமைகிறது. ‘பரிமேலழகர் – உரை எழுதினார் – திருக்குறள்’ என்பது அத்தகைய ஒரு மும்மை. இங்கு பெயர்கள் வெறும் எழுத்துக் கோவைகளாக நில்லாமல், உலகளவில் தனித்தன்மை உடைய யூஆர்ஐ என்னும் அடையாள முகவரிகளாக எழுதப்படுகின்றன. ஒரு நிறுவனம் வெளியிட்ட மும்மையில் உள்ள முகவரியை வேறொரு நிறுவனத்தின் மும்மையும் பயன்படுத்தினால், இரண்டும் எவ்வித முன்னேற்பாடுமின்றி இணைந்துவிடும். இதுவே இம்முறையின் தனிச்சிறப்பு.

மும்மைகளில் வரும் வகைகளையும் உறவுகளையும் வரையறுப்பது ஆண்டாலஜி எனப்படும் கருத்துருச் சட்டகம். ‘உரையாசிரியர் என்பார் மனிதர்’, ‘ஒரு நூலுக்குப் பல உரைகள் இருக்கலாம்’ என்பன போன்ற விதிகளை ஓடபிள்யூஎல் மொழியில் எழுதிவிட்டால், வெளிப்படையாகச் சொல்லப்படாத செய்திகளையும் கணினி உய்த்துணரும். இந்த உய்த்துணர்வு இரண்டு கோட்பாடுகளின் மேல் நிற்கிறது. ஒன்று, கூறப்படாத ஒன்று பொய் என்று கொள்ளப்படுவதில்லை. அது அறியப்படாதது மட்டுமே. மற்றொன்று, இருவேறு பெயர்கள் இருவேறு பொருள்களைக் குறிக்கும் என்னும் முன்முடிவு இல்லை. வேறானவை என வெளிப்படையாகக் கூறாதவரை, இரு முகவரிகள் ஒருவரையே சுட்டக்கூடும்.

பல இடங்களில், பலரால், வெவ்வேறு காலத்தில் உருவாகும் தரவுகளை இணைப்பதற்கு இவ்விரு கோட்பாடுகளும் இன்றியமையாதவை. ஆனால் சிக்கலும் இவற்றின் வழியாகவே நுழைகிறது.

‘அதுவே இது’ என்னும் உறவு

2006இல் பெர்னர்ஸ்-லீ இணைப்புத் தரவுக்கான நான்கு நெறிகளை எழுதினார். பொருள்களுக்கு யூஆர்ஐ இடுதல், அவற்றை எச்டிடிபி வழியாகத் தேடிப் பார்க்கக்கூடியனவாக அமைத்தல், தேடுவோருக்குச் செந்தர வடிவில் பயனுள்ள செய்தி தருதல், பிற முகவரிகளுடன் இணைத்தல் என்பன அவை. நான்காம் நெறியை நிறைவேற்றுவதற்குப் பலரும் கைக்கொண்ட எளிய கருவி ஓடபிள்யூஎல் மொழியிலுள்ள ‘சேம்ஆஸ்’. ‘அந்த முகவரி சுட்டும் பொருளும் இந்த முகவரி சுட்டும் பொருளும் ஒன்றே’ என்பது அதன் பொருள்.

ஏரண நோக்கில் இவ்வுறவு மிகக் கடுமையானது. இரண்டும் ஒன்றெனில், ஒன்றைப் பற்றிக் கூறிய அனைத்தும் மற்றதற்கும் பொருந்தும். மேலும், அ என்பது ஆ, ஆ என்பது இ எனில், அ என்பது இ என்றும் கணினி முடிவு செய்யும். நடைமுறையிலோ ‘ஏறத்தாழ ஒத்தது’, ‘தொடர்புடையது’, ‘இதனைப் பற்றிய பதிவு’ என்னும் தளர்ந்த பொருள்களிலும் இவ்வுறவு பயன்படுத்தப்பட்டது. ஹாரி ஹால்பின், பேட்ரிக் ஹேஸ் உள்ளிட்டோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்குகளை வகைப்படுத்திக் காட்டியது. 2018இல் வாவுட்டர் பேக், ஜோ ராட் உள்ளிட்டோர், வலையிலிருந்து திரட்டிய 55 கோடிக்கும் மேற்பட்ட சேம்ஆஸ் கூற்றுகளைத் தொகுத்தனர். அவற்றைத் தொடராகப் பின்பற்றியபோது உருவான மிகப் பெரிய ‘ஒன்றே’ என்னும் தொகுதியில் 1,70,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் உலக நாடுகளும் அந்த ஒரே தொகுதிக்குள் அடங்கியிருந்தமை தெரியவந்தது.

இதனைத் தரவு உள்ளிட்டோரின் கவனக்குறைவு என மட்டும் ஒதுக்கிவிட இயலாது. ஒரு பிழையான கூற்று அது எழுதப்பட்ட இடத்தோடு நின்றுவிடுவதில்லை. அதனை நம்பும் ஒவ்வொரு தரவுத்தொகுதிக்கும் பரவுகிறது. அக்கூற்றை யார் சொன்னார், எச்சான்றைக் கொண்டு சொன்னார் என்பதும் உடன் பரவுமாயின், பெறுவோர் அதனை ஏற்கவோ தள்ளவோ முடியும். தனித்து நிற்கும் மும்மையில் அதற்கு இடமில்லை.

ஔவையார்: ஒரு பெயரும் பல புலவரும்

தமிழிலக்கிய வரலாற்றிலிருந்து ஒரு சான்று இதனைத் தெளிவாக்கும். அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய சங்கப் புலவரும், ‘ஆத்திசூடி’, ‘கொன்றைவேந்தன்’ ஆகியவற்றை இயற்றியவரும் ஔவையார் என்னும் ஒரே பெயரால் அறியப்படுகின்றனர். அவர்கள் வெவ்வேறு காலத்தவர் என்பது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிவு. இப்பெயரில் எத்தனைப் புலவர் இருந்தனர் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. மக்கள் வழக்கிலோ எல்லோரும் ஒரே மூதாட்டியே.

ஒரு தரவுத்தொகுதி சங்கப் புலவருக்கு ஒரு முகவரியும், மற்றொன்று நீதிநூல் புலவருக்கு வேறொரு முகவரியும் தந்துள்ளன என்று கொள்வோம். பெயரொப்புமையை மட்டும் கண்டு மூன்றாம் ஒருவர் அவ்விரண்டையும் சேம்ஆஸ் உறவால் இணைத்தால், அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரே ஆத்திசூடி பாடினார் எனக் கணினி உய்த்துணரும். இருவரும் வேறானவர் என முன்னரே வெளிப்படையாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, இதில் முரண்பாடு இருப்பதாக அது எச்சரிக்காது.

இதனினும் நுட்பமான வழி ஒன்றும் உண்டு. ‘ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியரே’ என்னும் விதியைச் சட்டகத்தை வடிவமைப்போர் இயல்பாக எழுதிவிடக்கூடும். அதன்பின் ஆத்திசூடிக்கு ஒரு தரவு முதல் முகவரியையும், மற்றொரு தரவு இரண்டாம் முகவரியையும் ஆசிரியராகக் கூறினால், கணினி அதனைக் கருத்து முரணாகக் கொள்ளாது. ‘ஆசிரியர் ஒருவரே ஆதலால் இவ்விரு முகவரிகளும் ஒருவரையே குறிக்கும்’ என முடிவு செய்யும். ஆய்வாளர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு, எவரும் சொல்லாத ஒரு புதிய ‘உண்மை’யாக இங்கு மாறிவிடுகிறது. கணினியின் கணக்கில் தவறில்லை. விதியைப் பொதுவுண்மையாக எழுதிய மாதிரியில்தான் தவறு உள்ளது.

குறள் எண் யாருடையது?

அடையாள முகவரி இடுதல் நடுநிலையான செயல் என்னும் எண்ணமும் மறுபார்வைக்கு உரியது. திருக்குறளின் 1330 குறட்பாக்களை வரிசை எண்ணால் சுட்டுவது இன்று பொதுவழக்கு. கணினித் தரவுக்கு இதனினும் வசதியான அடையாளம் இல்லை எனத் தோன்றும். ஆனால் இவ்வெண் வரிசை பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையைத் தழுவியது. கிடைக்கும் உரைகளுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் மணக்குடவர் உரையிலும் பிற பழைய உரைகளிலும் அதிகாரங்களின் வைப்பும், அதிகாரத்துக்குள் குறட்பாக்களின் வரிசையும் பல இடங்களில் மாறுகின்றன. பாட வேறுபாடுகளும் உள்ளன. ‘புதல்வரைப் பெறுதல்’ எனப் பரிமேலழகர் குறிக்கும் அதிகாரம் ‘மக்கட்பேறு’ என்றும் வழங்குகிறது. இப்பெயர் வேற்றுமை, ஆண்மக்களை மட்டும் குறிப்பதா மக்கள் அனைவரையும் தழுவுவதா என்னும் பொருள் வேற்றுமையோடும் தொடர்புடையது.

எனவே ஒரு குறளின் வரிசை எண்ணையே அதன் முகவரியாகக் கொள்ளும் தரவுத்தொகுதி, ஓர் உரையாசிரியரின் முடிவை நூலின் இயல்பாக ஆக்கிவிடுகிறது. மணக்குடவர் உரையை அதன் சொந்த வரிசையில் மின்வடிவாக்கி, எண்ணைக் கொண்டு மட்டும் அத்தொகுதியுடன் இணைத்தால், ஒரு குறளின் உரை வேறொரு குறளின்கீழ்ச் சென்று சேரும். தொல்காப்பியத்திலும் இதே நிலை உண்டு. நூற்பாக்களைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் உரையாசிரியர்கள் வேறுபடுவதால், ஒரே எண் எல்லா உரைகளிலும் ஒரே நூற்பாவைச் சுட்டுவதில்லை.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கக் காப்பியங்களின் சுவடிகளை ஆயும் ‘ஹோமர் மல்டிடெக்ஸ்ட்’ திட்டத்தில் உருவான சிடிஎஸ் என்னும் மேற்கோள் முறை, நூல், அதன் குறிப்பிட்ட வடிவம், அதிலுள்ள பகுதி ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாகக் கொண்டு முகவரி அமைக்கிறது. எந்தப் பதிப்பின் அல்லது எந்தச் சுவடியின் அடி என்பதை முகவரியே சொல்லிவிடும். நூலகத் துறையில் 1998இல் வெளிவந்த எஃப்ஆர்பிஆர் மாதிரியும், அதன் வழிவந்து 2017இல் ஏற்கப்பட்ட எல்ஆர்எம் மாதிரியும் படைப்பு, அதன் வெளிப்பாடு, அச்சு வடிவம், தனிப்படி என நான்கு நிலைகளைப் பிரிக்கின்றன. பரிமேலழகர் கொண்ட மூலபாடமும் மணக்குடவர் கொண்ட மூலபாடமும் ஒரே படைப்பின் இரு வெளிப்பாடுகள் எனக் கொள்வதற்கு இம்மாதிரி இடமளிக்கிறது. கருவி இல்லை என்பது இங்குக் குறையன்று. வசதி கருதி அதனைக் கைவிடுவதே குறை.

வள்ளுவர் காலமும் விக்கித்தரவும்

2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கித்தரவு, கூற்றுகளைக் கையாளும் முறையில் ஒரு முன்னேற்றம். அதில் ஒவ்வொரு கூற்றுடனும் அடைக்குறிப்புகள், சான்றுகள், தரநிலை ஆகிய மூன்றையும் சேர்க்கலாம். ஒரே பண்புக்கு ஒன்றுக்கொன்று முரணான பல மதிப்புகளை, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றுடன் அருகருகே வைக்கலாம். உலகைப் பற்றிய உண்மைகளின் தொகுப்பாக அன்றி, உலகைப் பற்றிப் பிறர் கூறியவற்றின் தொகுப்பாக அமைக்கப்பட்டமையே அதன் வலிமை.

திருவள்ளுவர் காலம் இதற்குத் தக்க சான்று. மறைமலையடிகள் கி.மு. 31 எனக் கொண்டார். தமிழ்நாடு அரசு ஏற்றுள்ள திருவள்ளுவர் ஆண்டு அதன் அடிப்படையில் அமைந்தது. ச. வையாபுரிப்பிள்ளை கி.பி. 600ஐ ஒட்டியும், கமில் சுவலபில் கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியும் நூலின் காலத்தை வைத்தனர். இவற்றுள் முதலாவது ஆண்டுக் கணக்கீட்டுக்கும் பண்பாட்டு வரலாற்றுக்கும் அடிப்படையாகியுள்ளது. ஏனையவை மொழிநிலையையும் பிற நூல்களோடு உள்ள உறவையும் கருதிய ஆய்வு முடிவுகள். இம்மூன்றையும் அவரவர் பெயரோடும் நூற்சான்றோடும் பதிவதற்கு விக்கித்தரவின் மாதிரி போதுமானது.

எனினும் பதிவதற்கு உள்ள இடம் பெறுவதற்கு உள்ள வழியில் குறுகிவிடுகிறது. விக்கித்தரவின் வினவல் சேவையில் ஒரு பண்பின் மதிப்பைப் பெறுவதற்குக் குறுவழி ஒன்றும் நெடுவழி ஒன்றும் உள்ளன. குறுவழி, உயர்ந்த தரநிலை பெற்ற கூற்றின் மதிப்பை மட்டும் தரும். சான்றையும் அடைக்குறிப்பையும் தராது. ஒரு மதிப்பு ‘விருப்பத் தரம்’ எனக் குறிக்கப்பட்டிருந்தால், இயல்பான தரத்தில் உள்ள ஏனையவை குறுவழியில் தோன்றுவதே இல்லை. அனைத்துக் கூற்றுகளையும் சான்றுகளையும் பெற விரும்புவோர் நெடுவழியில் வினவ வேண்டும். எளிய வினவலையே பயன்படுத்தும் செயலியின் முன் மூன்று காலங்கள் ஒரு காலமாகிவிடுகின்றன. கருத்து வேறுபாடு அழிக்கப்படவில்லை. ஆனால் அது சென்று சேரவும் இல்லை. பகிர்வு என்பது வெளியிடுவதோடு முடிவதன்று. எந்த வடிவில் பிறர் கைக்குக் கிடைக்கிறது என்பதையும் அது தழுவும்.

எளிமை என்னும் வாதம்

இத்திறனாய்வுக்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கூற்றுக்கும் சொன்னவரையும் சான்றையும் சேர்த்தால், ஒரு மும்மை பல மும்மைகளாகப் பெருகும்; தரவு உள்ளிடுவோர் சோர்வர்; வினவல் கடினமாகும். ஆர்டிஎஃப் செந்தரத்தில் ஒரு கூற்றைப் பற்றிக் கூற்று எழுதுவதற்குத் தொடக்கம் முதலே இருந்த முறை, ஒரு மும்மையை விவரிக்கவே நான்கு மும்மைகளைக் கேட்டது. அம்முறை பரவலாக வழங்காமைக்கு அதன் நீளம் ஒரு காரணம். மறுபுறம், தேடுபொறி நிறுவனங்கள் 2011இல் கூட்டாகத் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் சொற்றொகுதி பரவியமைக்கு அதன் எளிமையே முதன்மைக் காரணம்.

இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எவரும் நிரப்பாத நுட்பமான மாதிரியைக் காட்டிலும், பலர் நிரப்பும் எளிய மாதிரி பயனுடையது. ஆனால் எல்லாக் கூற்றுகளுக்கும் ஒரே அளவு நுட்பம் தேவை என எவரும் கோரவில்லை. திருக்குறளில் 133 அதிகாரங்கள் உள்ளன என்பதற்குச் சொன்னவர் பெயர் வேண்டுவதில்லை. நூலின் காலம், ஆசிரியர், பாடம், வைப்புமுறை போன்று ஆய்வில் விவாதத்துக்குரிய பண்புகளுக்கே அது வேண்டும். மேலும் 2014இல் வந்த ஆர்டிஎஃப் 1.1 செந்தரம், மும்மைகளின் தொகுதிக்கே ஒரு பெயரிட்டு, அத்தொகுதியின் தோற்றத்தைத் தனியே விவரிக்க வழி செய்துள்ளது. தரவின் தோற்றத்தை விவரிப்பதற்கான ப்ராவ்-ஓ சட்டகம் 2013 முதல் உள்ளது. அருங்காட்சியகத் துறையின் சிடாக் சிஆர்எம் சட்டகம், ‘பண்பேற்றல்’ என்பதை ஒருவர் ஒரு காலத்தில் செய்த செயலாகவே பதிவதற்கு ஒரு வகையை வைத்துள்ளது. நீளத்தைக் காரணம் காட்டிச் சான்றை விடுவதற்கு இன்று முன்போல் இடமில்லை.

உரை மரபு தரும் பார்வை

தமிழ் இலக்கண, உரை மரபு இச்சிக்கலை வேறு வடிவில் எதிர்கொண்டுள்ளது. ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார்’ என்னும் வினைகளால், கூறப்படும் விதி முன்னோர் கூற்று எனத் தொல்காப்பியம் தொடர்ந்து சுட்டுகிறது. உரையாசிரியர்கள் தாம் ஏற்காத கருத்தையும் ‘என்பாரும் உளர்’ என எடுத்துக்காட்டி, பின் அதனை மறுக்கின்றனர். முன்னோர் உரைகள் பல அழிந்துபட்ட நிலையிலும் அவற்றின் கருத்துகள் சில இன்று தெரியவருவதற்கு இவ்வழக்கம் காரணம். மறுக்கப்பட்ட கருத்து மறுத்தவரின் உரையிலேயே வாழ்கிறது.

சொற்பொருள் வலையின் மும்மை, எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் உடையது. அதற்கு ‘என்ப’ இல்லை. கூற்றின்மேல் நிற்கும் அச்சொல்லை மாதிரியில் சேர்ப்பதே மேற்கூறிய கருவிகள் அனைத்தின் பணி. இம்மரபு கணினியியலை முன்னறிந்தது எனக் கூறுவது மிகையாகும். கருத்து வேறுபாட்டைக் குறையாகக் கருதி நீக்காமல், அறிவின் உறுப்பாகக் கருதிக் கடத்துவது நடைமுறையில் இயலும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. தரவு மாதிரியை வடிவமைப்போர் கொள்ளத்தக்க படிப்பினையும் அதுவே.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து தமிழ்த் தரவுத்தொகுதிகளுக்கு நான்கு நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, சேம்ஆஸ் உறவை அருகியே பயன்படுத்துதல் வேண்டும். கருத்துகளையும் கலைச்சொற்களையும் இணைக்குமிடத்து, ஸ்கோஸ் செந்தரத்தின் ‘அணுக்கப் பொருத்தம்’ என்னும் தளர்ந்த உறவு போதும். அது தொடராகப் பரவுவதில்லை. ஒரே பெயருடைய புலவர்களை வேறானவர் எனக் கொண்டால், அதனையும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

இரண்டாவது, செய்யுளின் முகவரியை வரிசை எண்ணிலிருந்து பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு குறளுக்கும் எண் சாராத முகவரி ஒன்றைத் தந்து, பரிமேலழகர் வரிசை, மணக்குடவர் வரிசை ஆகியவற்றை அதன் பண்புகளாகப் பதிதல் தகும்.

மூன்றாவது, காலம், ஆசிரியர், பாடம் ஆகிய பண்புகளுக்கு ‘ஒன்றே’ என்னும் கட்டுப்பாட்டை விதித்தல் கூடாது. கூற்றுடன் சொன்னவரையும் நூலையும் கட்டாய உறுப்பாகக் கொள்ள வேண்டும்.

நான்காவது, எளிய வடிவில் தரவு வழங்கும்போது, அவ்விடை பலவற்றுள் தெரிந்தெடுத்த ஒன்று என்னும் குறிப்பும், முழுக் கூற்றுக்கான முகவரியும் அதனுடன் செல்ல வேண்டும்.

முடிவுரை

சொற்பொருள் வலை பொதுவான வடிவத்தில் தரவைப் பகிர்வதற்கு வழி செய்தது. பொதுவான வடிவம் என்பது பொதுவான கருத்து என மயங்கிய இடங்களில் அது இடறியது. ஔவையார் பலரும் ஒருவராவதும், ஓர் உரையாசிரியரின் வரிசை நூலின் வரிசையாவதும், மூன்று காலங்கள் ஒன்றாகித் தோன்றுவதும் அம்மயக்கத்தின் மூன்று வடிவங்கள். இவற்றைத் தவிர்ப்பதற்கான கருவிகள் செந்தரங்களிலேயே உள்ளன; அவற்றைக் கையாளும் பொறுப்பு கணினி வல்லுநரை மட்டும் சார்ந்ததன்று. எந்தப் பண்பு விவாதத்துக்குரியது, எது அன்று என்பதை வரையறுக்க வல்லவர் அத்துறையை அறிந்த ஆய்வாளரே. ஒரு நூலின் காலத்தை வினவும் மாணவருக்கு ஓர் எண் மட்டும் கிடைப்பதும், அவ்வெண்ணுடன் அதனைச் சொன்னவர் பெயரும் மறுத்தவர் பெயரும் கிடைப்பதும் ஒன்றல்ல. முன்னது விடையோடு நின்றுவிடும். பின்னது ஆய்வைத் தொடங்கி வைக்கும். தமிழ்த் தரவுகள் உருவாகிவரும் இக்காலத்திலேயே இவ்வேறுபாடு மாதிரிகளில் இடம்பெற வேண்டும். பகிரப்பட்டுப் பரவியபின் அதனைச் சேர்ப்பது அரிது.